மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் பரீட்சையைப் பற்றித்தான் பேசுவார்கள். நாலு மணிக்கு எழுப்பிவிடு, டிவியை அணை, போனைப் பிடுங்கி வை, ஊரில் இருந்து யாரையும் வரச் சொல்லாதே. வட சென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் பல வருடங்களாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன். நான் பார்த்தவரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சையில் தோற்பதைவிட, பாஸ் செய்த பிறகு காணாமல் போவதுதான் அதிகம். மார்ச்சில் பரீட்சை முடிகிறது. மே மாதம் ரிசல்ட். கல்லூரி வாசலில் கால் வைக்க ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள் போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும். வீட்டில் வருமானம் நின்றுபோன அந்த இரண்டு மாதத்தில்தான் ரிசல்ட் வருகிறது, விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது, சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஜூன் 15 போட் கிளம்பும்போது, சும்மா இருக்கும் பையனும் ஏறிக்கொண்டால் கையில் உடனே காசு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வந்தால் போட்டுக்குப் பதில் கன்டெய்னர் யார்டு, மெக்கானிக் ஷெட், பைக்கில் சாப்பாடு டெலிவரி. பெண் பிள்ளை என்றால் துணிக்கடையில் பில் போடும் வேலை, இல்லையென்றால் சொந்தத்தில் பெண் கேட்டு வருகிறார்கள் என்ற பேச்சு. காலேஜே வேண்டாம் என்று எந்த வீட்டிலும் உட்கார்ந்து முடிவு எடுப்பதில்லை. "காலேஜ் தொறக்குற வரைக்கும் போய்ட்டு வரட்டுமே டீச்சர்" என்றுதான் அனுப்புகிறார்கள். வாரக் கூலி வாங்கிப் பழகிய கை, ஆகஸ்டில் அதை விட்டுவிட்டு நோட்டைத் தூக்குவது லேசான காரியம் இல்லை.

"நான் எட்டாவதுதான். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?" என்று அம்மாக்கள் என்னிடம் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கால்குலஸ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள். பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை வேறு. மார்க் எடுப்பது பிள்ளையின் பொறுப்பு. அந்த மார்க்கை ஒரு சீட்டாக மாற்றுவது வீட்டின் பொறுப்பு. அதற்கு எட்டாவது போதும். அலைகிற கால் வேண்டும், கேட்கிற வாய் வேண்டும்.

பரீட்சைக் காலத்தைப் பற்றி நான் நீட்டிச் சொல்லப்போவதில்லை. ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள ஹவுசிங் போர்டு வீட்டில் தனி அறை, மேஜை, நாற்காலி என்று அறிவுரை சொல்வது நியாயம் இல்லை. எங்கள் தெருக்களில் ஒரு சாவு விழுந்தால் ராத்திரி முழுக்க மேளமும் வெடியும் இருக்கும். யாரையும் போய் நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் தினமும் ஒரே நேரம், ஒரு இரண்டு மணி நேரம், அந்த வீட்டில் டிவி ஓடாது, பிள்ளையைக் கடைக்கு அனுப்ப மாட்டோம் என்று ஒரு ஏற்பாடு செய்யலாம். பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓடுவது அவள், தம்பியைக் குளிப்பாட்டுவது அவள், ரெக்கார்டு நோட்டு எழுத உட்கார்ந்தால் கூப்பிடப்படுவதும் அவள். மார்ச் மாதம் மட்டுமாவது குடத்தை அண்ணன் தூக்கட்டும்.

அப்புறம் தூக்கம். நாலு மணிக்கு எழுப்புவதில் பெருமைப்படும் வீடுகளில், அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கேள்வித்தாள் கையில் வருவது காலை 10 மணிக்கு. பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரம் நிரப்ப, 10.15க்கு எழுத ஆரம்பித்து 1.15 வரை எழுத வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் மூளை விழித்திருக்க வேண்டும். பரீட்சை அன்று சென்டருக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்றுவிட்டால் ஆட்டோ, பஸ் எதுவும் நகராது என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதிவிட்டு வெளியே வந்ததும் ஒரு மார்க் கேள்விகளை உட்கார வைத்துச் சரிபார்க்காதீர்கள். எழுதினது எழுதினதுதான், அடுத்த பேப்பர் காத்திருக்கிறது. சாப்பாடு போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

ரிசல்ட் நாளைப் பற்றி மனதார ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலையில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வேலைக்குப் போகிற அப்பா அன்று ஒருநாள் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். போனில் மார்க் வந்ததும் முதலில் கேட்கும் வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். "பக்கத்து வூட்டுப் பொண்ணு எவ்ளோ?" என்ற வார்த்தையாக அது இருக்க வேண்டாம். பிள்ளை பேசாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ, சாவைப் பற்றி ஏதாவது சொன்னாலோ, பயமுறுத்துகிறான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் பேசலாம், பிள்ளையும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

பெயில் ஆன பிள்ளைக்கு ஒரு வருடம் போச்சு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் துணைத் தேர்வு நடக்கிறது. அதில் பாஸ் செய்தவர்கள் அதே வருடம் இன்ஜினியரிங் துணைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாததால் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்ட பையன்களை எனக்குத் தெரியும். எதிர்பார்த்ததைவிட மார்க் ரொம்பக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். அதற்குக் கொடுக்கும் நாள் குறைவு. அழுது முடித்துவிட்டு வரலாம் என்றால் தேதி போயிருக்கும்.

இனி மார்க்குக்கு வருவோம். 600க்கு எவ்வளவு என்றுதான் தெருவில் கேட்பார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் அந்த 600ஐ யாரும் பார்ப்பதில்லை. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, ஆக மொத்தம் 200. இதுதான் கட் ஆஃப். கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80 என்றால் 82, 38, 40 கூட்டி 160. மொத்தத்தில் 520 வாங்கியவளைவிட 490 வாங்கியவனுக்குக் கட் ஆஃப் அதிகமாக இருக்கலாம். அரசு கலைக் கல்லூரியில் கணக்கே வேறு. அங்கே தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு மற்ற நாலு பாடத்தை 400க்குப் பார்க்கிறார்கள். பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். 600ஐப் பார்த்து 'இதுக்கு எங்க கெடைக்கும்' என்று முதல் நாளே முடிவு கட்டும் வீடுகளுக்காகத்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். எந்தக் கல்லூரிக்கு எந்தக் கணக்கு என்று தெரியாமல் கையை விரிக்காதீர்கள்.

இப்போது காகிதங்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே தொடங்க வேண்டிய வேலை இது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் அதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். மே மாதம் போனால் தெருவே அங்கே நிற்கும்.

ஒரு அம்மா. காசிமேட்டில் மீன் விற்பவர். மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் எடுக்க என்னோடு இ-சேவை மையத்துக்கு வந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் பகுதி என்பதால் அவர் வீட்டில் காகிதங்களை மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருப்பாராம். எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால். ரேஷன் கார்டில் அப்பா பெயரில் ஒரு எழுத்து வேறு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்கக்கா என்றார். ஓடிபி போன நம்பர், வீட்டுக்காரர் ரீசார்ஜ் போடாமல் விட்ட பழைய சிம். அன்று வந்த வேலை முடியவில்லை. ஆதாரைத் திருத்தி, நம்பரை மாற்றி, மறுபடி வந்து வாங்கினோம். ஏப்ரலில் போனதால் அது வெறும் அலைச்சலோடு முடிந்தது. ஜூன் கடைசி வாரம் போயிருந்தால் அந்தப் பெண்ணின் விண்ணப்பமே நின்றிருக்கும்.

ஆகவே ஒரு நம்பர். அம்மா கையில் இருக்கும், ரீசார்ஜ் தீராத ஒரே நம்பர். பள்ளி, ஆதார், வங்கி, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அதுவே. வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்து ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். உதவித்தொகைகள் அதில்தான் வந்து விழும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அந்த 1000 ரூபாய் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு பெரிய கதவு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020இல், இன்ஜினியரிங் முதலான தொழிற்படிப்புகளில் 2021இல் வந்தது. இதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. நம் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளும் இதில் வருவார்கள். ஆனால் வட சென்னையில் அரசு உதவிபெறும் பழைய தனியார் பள்ளிகள் நிறைய. அங்கேயும் பெரிதாகப் பணம் வாங்குவதில்லை என்பதால் பெற்றோர்கள் அதையும் கவர்ன்மென்ட் ஸ்கூல் என்றே சொல்வார்கள். 7.5இல் அது சேராது. ஆறாவதும் ஏழாவதும் உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு எட்டாவதில் மாநகராட்சிப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கும் கிடையாது. ஆறாவது சேர்க்கும்போதே இதைச் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். ஐந்தாவது முடிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் இடம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான், மிகவும் பயம் தரும் வேலையும் இதுதான். போன வருடங்களில் எந்தக் கல்லூரி எந்தக் கட் ஆஃபுக்கு மூடியது என்று பட்டியல் கிடைக்கிறது. உங்கள் சாதிப் பிரிவுக்கு உரிய கட்டத்தைப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. வரிசை போடும்போது பிள்ளைகள் 'கெடைக்கிறது' முதலில் எழுதுகிறார்கள், 'ஆசைப்படறது' கீழே போகிறது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும். உங்கள் முறை வரும்போது பட்டியலில் முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்கிற கல்லூரியை ஒன்றாம் இடத்தில் போட்டால் ஆசைப்பட்டதை அது எட்டிக்கூடப் பார்க்காது.

ஒரு பையன் நாற்பது பக்க நோட்டில் கல்லூரிக் கோடு எண்களாக எழுதி வந்திருந்தான். எல்லாம் அழகான கையெழுத்து. முதல் பக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தனியார் கல்லூரி. கிண்டி பொறியியல் கல்லூரி கடைசிப் பக்கத்தில். ஏன்டா தம்பி இப்படி என்றேன். "அதெல்லாம் நம்மளுக்குக் கெடைக்காதுக்கா. மேல போட்டா சிரிப்பாங்க" என்றான். யார் சிரிப்பார்கள்? அந்தப் பட்டியலை ஒரு கம்ப்யூட்டரைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. நோட்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து மறுபடி எழுத வைத்தேன். அவனுக்குக் கிண்டி வரவில்லை. ஆனால் முதல் பக்கத்துக் கல்லூரியைவிட எவ்வளவோ நல்ல ஒரு அரசு உதவிபெறும் கல்லூரி வந்தது. 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கிண்டிக் கல்லூரி நம் ஊரில், நம் வரிப்பணத்தில் நடக்கிறது. அதை முதலில் எழுத எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம் வரக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதுவே போதும், சேர்கிறேன் எனலாம். இதை வைத்துக்கொண்டு மேலே காலியானால் கொடுங்கள் எனலாம். இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டும் காத்திருக்கலாம். ஒன்றும் அழுத்தாமல் விட்டால் கிடைத்த சீட்டும் போய்விடும். அந்த இரண்டு நாளில் ஊருக்குத் திருவிழாவுக்குப் போகாதீர்கள், தயவு செய்து.

பரீட்சை முடிந்து வரும் பிள்ளைகள் கையில் வாசலிலேயே நோட்டீஸ் திணிப்பார்கள். அப்புறம் போன் வரும். "அட்வான்ஸ் கட்டுங்க, சீட் பிளாக் பண்ணிடலாம். ஒரிஜினல் குடுத்துடுங்க." எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அட்வான்ஸும் கட்டி மார்க் ஷீட்டும் டிசியும் கொடுத்துவிட்டார்கள். கலந்தாய்வில் அதைவிட நல்ல இடம் கிடைத்தபோது சான்றிதழை வாங்க அந்த அப்பா வேலையை விட்டு நடையாய் நடந்தார். ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லித்தான் வாங்கினோம். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது. இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

இன்ஜினியரிங்கைப் பற்றியே பேசிவிட்டேன், அதற்குத்தான் சிக்கல் அதிகம் என்பதால். என் சொந்த அபிப்பிராயம் வேறு. மெட்ரோவில் சர் தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி பி.காம் படிக்கும் பிள்ளை, பெயர் தெரியாத ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் பஸ் பீஸ் கட்டும் பிள்ளையைவிட எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை. வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆகும் செலவு 50 ரூபாய்தான், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 2 ரூபாய். இன்ஜினியரிங் போடுகிற எல்லாரும் இதையும் போட்டு வைக்க வேண்டும். கையால் வேலை செய்யும் பையனுக்கு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். சுற்று வழிதான், ஆனால் நடுவில் ஒரு வேலையும் கைக்கு வரும்.

பெண்ணைத் தூரமாக அனுப்பும் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. திருவொற்றியூரில் ஒரு அப்பா, லோடு ஆட்டோ ஓட்டுபவர், "பாலத்தத் தாண்டி அவ தனியாப் போனதே இல்லயே டீச்சர்" என்றார். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021இல் வந்துவிட்டது, ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம் என்று நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. கல்லூரி தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் அந்த வழியில் போய் வந்தார்கள். எந்தப் பக்கம் இறங்குவது, எங்கே டீக்கடை, எங்கே போலீஸ் பூத் என்று அவரே பார்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் மறுபேச்சு பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் பிறந்து ஒரு டிகிரி முடித்து வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால், மே மாதம் ஒரு சனி ஞாயிறு ஏதாவது ஒரு வீட்டுக்கு லேப்டாப்போடு போங்கள். உங்கள் தெருவிலேயே அந்த வீடு இருக்கும். விண்ணப்பத்தை நீங்களே வேகமாக நிரப்பிவிடாதீர்கள், பிள்ளையைத் தட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கிளம்பும்போது விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். கலந்தாய்வு தேதியை அந்த வீட்டுக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு விடுங்கள். முதல் நாள் ராத்திரி ஒரு போன் அடியுங்கள்.